புகைக்கு இடம் தருவது உபசாரம் ஆகாது

மலையகத்தில் வெளியூராருக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடும் தொழில் பரவிவரும் இக்காலத்தில், அத்தொழிலோடு கூடவே ஓர் அபிப்பிராயமும் பரவி, எவரும் கேள்வி கேட்கத் துணியாத உலக ஞானமாக இன்று நிலைபெற்றுவிட்டது. வாடகை கொடுத்துத் தங்க வந்தவர் அறைக்குள்ளேயே சிகரட் பிடித்தாலும் வீட்டுக்காரர் கண்டும் காணாதவராக இருந்துவிட வேண்டும். எடுத்துச் சொல்லி அவர் மனத்தை நோகச் செய்வது விருந்தோம்பலுக்கு இழுக்கு, தொழிலுக்கும் நஷ்டம். அவர் புறப்பட்ட பின் ஜன்னலைத் திறந்துவிட்டு, சாம்பிராணி போட்டு, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்பதே அந்த அபிப்பிராயம். இதைச் சொல்கிறவர்கள் தீயவர்கள் அல்லர். பெரும்பாலும் நல்ல மனமும் நீண்ட அனுபவமும் வாய்ந்தவர்கள். ஆயினும் அவர்கள் சொல்வது முழுப் பிழை என்பதும், அந்தப் பிழையின் பலனை அனுபவிக்கிறவர்கள் இந்த வாதத்தில் வாய் திறக்கவே சந்தர்ப்பம் பெறாத வேறு சிலர் என்பதும் என் திடமான நம்பிக்கை.

எங்கள் ஊரான கொட்டகலை பெரிய ஊரன்று. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில், நெடுஞ்சாலையும் புகையிரதப் பாதையும் ஒன்றையொன்று பிரியாமல் செல்லும் ஒரு சிறு பட்டணம். 1884 இல் ஹட்டன் வரையிலும், மறு ஆண்டு நானுஓயா வரையிலும் வெள்ளைக்காரர் தண்டவாளம் போட்டது தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகவே; இன்று அதே பாதை கண்டியிலிருந்து எல்லவுக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகளை நம் ஊர் வழியாக ஏற்றிச் செல்கிறது. டெவன், சென். கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க வான் பிடித்து வரும் கொழும்புக் குடும்பங்களும், பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோரும், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாத மலை ஏறுவதற்கென வரும் யாத்திரிகர்களும் ஓரிரவோ ஈரிரவோ தங்க இடம் தேடுகிறார்கள். அவர்களுக்கென்று பழைய துரை பங்களாக்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடைக்காரர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடுகளின் மேல்மாடிகளும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் இரண்டறை, மூன்றறைக்கு மேல் இராத வீடுகள். பலகைத் தளமும் பலகை உட்கூரையும் உள்ளவை பல; பனியும் சாரலும் உள்ளே வராதபடி ஜன்னல்களை இறுக மூடியே வைத்திருக்க வேண்டியவை எல்லாமே. நான் பேசப்போவது இத்தகைய வீடுகளைப் பற்றித்தான். நூறு அறையுள்ள நகரத்து ஹோட்டலுக்கு என்ன நியாயம் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

முதலில் உரிமை வாதத்தை எடுத்துக்கொள்வோம். பணம் கொடுத்தவன் அந்த இரண்டு நாளைக்கு வீட்டுக்கு எஜமானன், எஜமானனை எவரும் கட்டுப்படுத்தலாகாது என்கிறார்கள். வாடகை கொடுப்பவர் வீட்டின் உபயோகத்தைத்தான் பெறுகிறார், அதுவும் ஒரு கால வரையறைக்கு உட்பட்டு. வெள்ளிக்கிழமை வந்தவர் ஞாயிறு காலை போய்விடுகிறார். ஞாயிறு மாலை வருகிற இன்னொரு குடும்பமும் அதே பணத்தைக் கொடுத்தே வருகிறது. முன்னவருடைய பணம் பின்னவருடைய பணத்தைவிட எவ்விதத்தில் கனமானது? தமது காலத்தில் மட்டும் அனுபவித்து முடிந்துவிடும் எந்தச் சுதந்திரத்தையும் முன்னவருக்குத் தரலாம். நள்ளிரவு வரை விழித்திருக்கலாம், பகல் முழுதும் தூங்கலாம், தாம் விரும்பியதைச் சமைத்து உண்ணலாம். தாம் போன பின்னும் அங்கேயே தங்கி மற்றவரின் மூச்சுக்குள் புகும் ஒன்றை விட்டுச் செல்லும் பாத்தியதை மட்டும் அவருக்கு இல்லை. இந்த நியாயம் நான் புதிதாகக் கற்பித்ததன்று. பொது இடத்தில் புகைப்பது புகைக்காதவரின் உயிர் வாழும் உரிமைக்கு விரோதமானதென்று கேரள உயர்நீதிமன்றம் 1999 இல் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பரில் இந்திய உச்சநீதிமன்றமும் அதே கருத்தை ஏற்று, நாடு முழுவதற்கும் கட்டளை பிறப்பித்தது. காற்று எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் இடத்தில் ஒருவருடைய பழக்கத்துக்காக மற்றவர் தம் மூச்சை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

அடுத்து வருவது விருந்தோம்பல். இதைச் சொல்லும்போது நம்மவர்கள் தவறாமல் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்று அவர் அனிச்சப் பூவைக் கொண்டு உணர்த்தியிருக்கும்போது, 'இங்கே புகைக்காதே' என்று பலகை எழுதி மாட்டுவது தமிழ்ப் பண்பாகுமா என்று கேட்கிறார்கள். விருந்தோம்பலைப் பற்றிய அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தவர்கள் இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட மாட்டார்கள். வந்த விருந்தைப் பேணி அனுப்பிவிட்டு, இனி வரப்போகும் விருந்தின் வழிபார்த்துக் காத்திருப்பவனைப் பற்றியும் அதே அதிகாரத்தில்தான் வள்ளுவர் பேசுகிறார். அதிதி தர்மம் வாசலுக்கு இன்னும் வந்து சேராதவரையும் உள்ளடக்கியது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. முதல் விருந்தினரின் முகம் வாடக்கூடாது என்பதற்காக, மறுநாள் இழுப்பு நோயுள்ள தாயையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வருகிறவரை நாற்றம் பிடித்த அறையில் படுக்க வைப்பவர் உபசாரத்தின் பாதியை மட்டும் அனுஷ்டிக்கிறார். பாதி உபசாரம் செய்து பெருமைப்பட்டுக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

அந்த அறை எப்படி இருக்கும் என்று அறியாதவர்களுக்காகச் சற்று விவரமாகச் சொல்கிறேன். நம் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், புகைக்கும் இளைஞர் சிலர் இரண்டு இரவு தங்கிப் போன காலையில், துப்புரவு செய்ய வந்த அம்மாவோடு நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. வெளியே பனி மூடியிருக்கும்போது திறந்து வைத்துக்கொண்டு எவர்தான் படுப்பார்? வாடை கூடத்துக்கு வந்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று ஒரு குளியல் துவாலையை நனைத்துக் கதவின் அடியில் திணித்திருந்தார்கள். தேநீர்க் கோப்பை ஒன்றில் சாம்பலும் தேயிலைச் சக்கையும் சேர்ந்து களியாகிக் கிடந்தது. தளப் பலகைகளுக்கு இடைப்பட்ட இடுக்கிலே இரண்டு சிகரட் துண்டுகள் செருகப்பட்டிருந்தன; கம்பளியில் பருப்பளவு ஓர் ஓட்டை, அதன் விளிம்பு கருகித் தடித்திருந்தது. அந்த அம்மா முதலில் செய்த காரியம் கம்பளியை எடுத்து மோந்து பார்த்ததுதான். "இது மூணு நாளைக்குக் காயாதுங்க, இந்த மழையில" என்றார். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆனி ஆடியில் நம் ஊரில் துவைத்துப் போட்ட கனத்த கம்பளி காய்வதற்கு எத்தனை நாள் எடுக்கும் என்பதை மலையில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறு விருந்தினரோ அன்று மாலையே வர இருந்தார்கள்.

அந்தப் பலகை இடுக்கில் செருகியிருந்த துண்டுகளை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது. தோட்டத்து லயன் குடியிருப்புகளில் தீப்பிடித்து ஒரே இரவில் வரிசை முழுவதும் எரிந்து, உடுத்த உடுப்போடு குடும்பங்கள் வெளியே வந்து நிற்கும் செய்தியை அடிக்கடி கேட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். உலர்ந்த பலகை, கம்பளி, திரைச்சீலை, பூட்டிய ஜன்னல், அயர்ந்த உறக்கம் இவ்வளவும் கூடிய இடத்தில் நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் படுப்பதைக் கண்டும் காணாதிருப்பதை, பெருந்தன்மை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஜன்னலைத் திறந்தால் புகை போய்விடும் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரியும் புகை போய்விடும் என்பது மெய். அதுவே பலரை ஏமாற்றுகிறது. புகையில் உள்ள நிக்கொட்டின் சுவரிலும் பலகையிலும் பஞ்சு மெத்தையிலும் படிந்து, பின்னர் சிறிது சிறிதாக அறையின் காற்றுக்கே திரும்புகிறது. அவ்வாறு படிந்த நிக்கொட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு கூடிப் புற்றுநோயை விளைவிக்கவல்ல நைட்ரோசமீன்கள் என்ற பொருள்களாக மாறுகிறதென்று கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடத்தினர் 2010 இல் வெளியிட்டார்கள். சான் டியாகோ அரச பல்கலைக்கழகத்து ஜார்ஜ் மாட் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. புகைப்பவர் குடியிருந்து காலிசெய்த வீடுகள் சுமார் இரண்டு மாதம் ஆளின்றிக் கிடந்து, புதியவர்களுக்கென்று சுத்தம் செய்யப்பட்ட பிறகும், அவற்றின் தூசியிலும் சுவரிலும் நிக்கொட்டின் இருந்ததை அவர்கள் கண்டார்கள். அங்கே குடிவந்த, புகைத்தறியாத மனிதர்களின் விரல்களில்கூட அது படிந்திருந்தது. பிறகு 2013 இல் அவர்கள் ஹோட்டல்களை ஆராய்ந்தபோது, சில அறைகளில் மட்டும் புகைக்க அனுமதிக்கும் ஹோட்டல்களில், புகை கூடாதென்று ஒதுக்கிய அறைகளும் தூய்மையாக இல்லை என்று தெரியவந்தது. ஆகவே, 'ஓர் அறையைப் புகைப்பவர்களுக்கென்று விட்டுவிடலாமே' என்று சமரசம் பேசுகிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. பெரிய ஹோட்டலிலேயே தடுக்க முடியாத புகையை, ஒரே உட்கூரையின் கீழே பலகைத் தடுப்பால் பிரித்த நம் இரண்டறை வீட்டில் எப்படித் தடுத்துவிட முடியும்? காற்றோட்டம் அமைத்தாலும், காற்றைச் சுத்திகரித்தாலும், புகைப்பவரை வேறு பக்கத்தில் உட்கார வைத்தாலும் மற்றவர்களை முற்றாகக் காக்க இயலாது என்று அமெரிக்க அரசின் தலைமை வைத்தியரது அறிக்கை 2006 ஆம் ஆண்டிலேயே முடிவு கூறிவிட்டது.

இவையெல்லாம் அந்நிய நாட்டு விஞ்ஞானிகள் சொல்வது, நம் அனுபவத்துக்கு எட்டாதது என்று தள்ளிவிட நினைப்பவர் யாரேனும் உண்டானால், அவர் தம் வீட்டுக்கு எதிர்ச் சரிவிலுள்ள தேயிலை ஸ்டோருக்குள் சென்று பார்க்கட்டும். கொழுந்தை வாட்டும் மாடியிலோ தூளைச் சலித்துக் கொட்டி வைத்திருக்கும் அறையிலோ ஒருவர் சிகரட்டைப் பற்ற வைத்தால் டீமேக்கர் ஐயா என்ன செய்வார்? தன்னைச் சூழ்ந்த வாசனையை உறிஞ்சிக்கொள்வது தேயிலையின் இயல்பு என்பதும், ஒருமுறை பிடித்த வாடை கோப்பை வரை வந்து சேரும் என்பதும் மலையகத்தில் சிறு பிள்ளையும் அறிந்த விஷயம். அதற்காகவே அந்தக் காலத்தில் பலகைப் பெட்டிக்கு உள்ளே உலோகத் தாள் ஒட்டித் தேயிலையை அடைத்தார்கள். கம்பளியும் பஞ்சும் திரைச்சீலையும் பலகையும் அவ்வாறே உறிஞ்சுகின்றன. தூளைக் காப்பாற்றுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் கடைப்பிடித்துவரும் கட்டுப்பாட்டை, மனிதர் படுத்துறங்கும் அறையைக் காப்பாற்றுவதற்கு மட்டும் கடைப்பிடிக்கலாகாது என்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

குளிர்ப் பிரதேசத்துக்கு வந்தவர் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவே புகைக்கிறார் என்று ஓர் இரக்க வாதமும் உண்டு. நிக்கொட்டின் தோலை அடுத்த சிறு இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து விரல்களைக் குளிர வைக்கிறது என்பது வைத்தியர்கள் நன்கறிந்த செய்தியாதலால், இதற்கு மேல் பதில் சொல்லவேண்டியதில்லை. சூடு வேண்டுமென்றால் இஞ்சித் தேநீர் கொடுங்கள்.

துன்பப்படுகிறவர்கள் வேறு சிலர் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்த வீடுகளைத் துப்புரவு செய்கிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். கொழுந்து பறிக்கும் வேலைக்கு 2024 இல் நிர்ணயமான அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. தோட்டச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாமையினாலேயே, கூடக் கொஞ்சம் சம்பாதிக்க அவர்கள் விடுதி வேலைக்கு வருகிறார்கள். விருந்தினர் ஓரிரவு தங்கிப் போய்விடுகிறார். வீட்டுக்காரர் கீழ் மாடியில் இருக்கிறார். புகை பிடித்த விரிப்பை உதறுகிறவரும், சாம்பல் படிந்த மூலைகளைத் துடைக்கிறவரும், வாரத்துக்கு வாரம் அந்தக் காற்றையே சுவாசிக்கிறவரும் இந்தப் பெண்தான். தாம் புகைக்காமலே பிறர் புகையால் மனிதர் மாளக்கூடும் என்பதை 1981 இல் ஜப்பானிய அறிஞர் தகேஷி ஹிராயாமா தெளிவாக எடுத்துக்காட்டினார். அதிகமாகப் புகைக்கும் கணவர்களோடு வாழ்ந்த, புகைத்தறியாத மனைவிமாரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருந்ததை ஆண்டுக்கணக்காகக் கணக்கெடுத்து அவர் கண்டார். பிறர் விட்ட புகையால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. கண்டும் காணாதவராக இருக்கச் சொல்லும் பெருந்தன்மைக்காரர்கள் இந்தப் பெண்ணைக் கேட்டுப் பார்த்தார்களா? அவர் என்ன பதில் சொல்வார் என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்திருப்பதனாலேயே கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறதென்றும் பார்ப்போம். 2003 இல் இலங்கை புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன்பின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதையும், அத்தோடு பிறரைப் புகைக்க அனுமதிப்பதையும் தடை செய்தது. தனியே ஓர் இடம் ஒதுக்கிப் புகைக்க விடலாம் என்ற சலுகையை அச்சட்டம் தங்குமிடங்களுக்குள் முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைக் கொண்டவற்றுக்கு மட்டுமே கொடுத்தது. நாள் வாடகைக்கு விடும் ஒரு தனி வீடு மூடிய பொது இடமாகுமா ஆகாதா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். பொறுப்பு புகைப்பவரோடு முடிவதில்லை, இடத்தை வைத்திருப்பவரையும் சேரும் என்பதும், விசாலமான விடுதிக்குக் கொடுத்த சலுகையைச் சிறிய இடத்துக்குக் கொடுக்க நாட்டின் சட்டம் விரும்பவில்லை என்பதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடம் பதிவு செய்துகொண்டு நேர்மையாகத் தொழில் நடத்த விரும்பும் ஒருவர், இந்த நோக்கத்துக்கு மாறாக நடந்துவிட்டு அதை உபசாரம் என்று சொல்லிக்கொள்வது அழகன்று.

வியாபார புத்தியுள்ள சிலர் வேறு வழி சொல்கிறார்கள். "ஒன்றும் பேச வேண்டாம், புகைத்தால் இவ்வளவு அபராதம் என்று எழுதி மாட்டிவிட்டு, புகைத்தவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு வருமானம்" என்பது அவர்களுடைய யோசனை. மேலோட்டமாகப் பார்க்கையில் சாமர்த்தியமாகத் தோன்றும் இந்த யோசனையை நான் மிகவும் அஞ்சுகிறேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில், பிள்ளைகளைத் தாமதமாக வந்து அழைத்துச் செல்லும் பெற்றோருக்குச் சில குழந்தைகள் காப்பகங்கள் அபராதம் விதித்துப் பார்த்தன. தாமதம் குறையவில்லை, அதிகரித்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000 இல் வெளியிட்ட இந்த ஆய்வு, தவறுக்கு ஒரு விலையைக் குறித்துவிட்டால் அதைத் தவறென்று உணர்ந்த கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கிய சௌகரியமாகவே மனிதர் அதைக் கருதத் தொடங்கிவிடுகிறார்கள் என்று காட்டியது. கொழும்பிலிருந்து நாலு நண்பர்களோடு வரும் வசதியுள்ள ஒருவருக்குச் சில ஆயிரம் ரூபா ஒரு பொருட்டாகுமா? கொடுத்துவிட்டுப் புகைப்பார். பணம் வீட்டுக்காரர் பெட்டிக்குள் போகும். வாடை மறுநாள் வரும் குழந்தைக்கு மிஞ்சும். உண்டான சேதத்துக்குரிய நியாயமான செலவை, கம்பளி துவைத்த கூலியையோ ஓட்டையான திரைச்சீலையின் விலையையோ கணக்குக் காட்டிப் பெற்றுக்கொள்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஏர்பிஎன்பி போன்ற இணைய முன்பதிவு நிறுவனங்கள் வழியாக வந்தவரானால், அவர் புறப்பட்ட 14 நாட்களுக்குள் படங்களோடு விண்ணப்பித்து அதைக் கோரும் வழியும் இருக்கிறது. இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கு மேலாக, புகையை ஒரு விற்பனைப் பொருளாக்குவதைத்தான் கூடாது என்கிறேன்.

கண்டித்தால் விருந்தினர் குறைவான மதிப்பெண் போட்டு எழுதிவிடுவார், வரவு நின்றுவிடும் என்ற அச்சம் உண்மையானதே. அதை நான் இகழ மாட்டேன், கடன் வாங்கி மேல்மாடி கட்டியவருக்கு அந்த அச்சம் இல்லாமல் இராது. ஆனால் மதிப்பெண் போடுகிறவர் புகைத்தவர் ஒருவர்தானா? அவருக்குப் பின் வந்து அந்த அறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தவரும் எழுதுகிறார். குழந்தை குட்டிகளோடும் வயோதிகப் பெற்றோரோடும் வருகிற குடும்பங்கள், 'அறையில் சிகரட் நாற்றம்' என்ற ஒரு வரியைக் கண்டால் அந்த வீட்டைக் கடந்து போய்விடுகின்றன. நம் ஊருக்கு வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள்? மலைக் காற்றைத் தேடித்தானே? அந்தக் காற்றை விற்றுப் பிழைக்கும் நாம், அதைக் கெடுக்கும் உரிமையையும் சேர்த்து விற்றால் தொழில் நிலைக்காது.

இவ்வளவு தெளிவான காரியத்தில் நம்மவர்கள் ஏன் வாய் திறக்கத் தயங்குகிறார்கள் என்று நான் பலகாலம் யோசித்திருக்கிறேன். எல்லாக் காரணங்களுக்கும் அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. கோப்பித் தோட்டங்களுக்கென நம் மூதாதையர் இங்கே கொண்டுவரப்பட்டு இருநூறு ஆண்டுகளாகின்றன. துரைக்கு எதிரே நின்று பேசக் கூடாது, துரை சுருட்டுப் பிடித்தபடி வரும்போது முண்டாசை அவிழ்த்து ஒதுங்கி நிற்க வேண்டும், பங்களாவில் நடப்பதை வேலைக்கார அப்பு கண்டாலும் காணாதவனாக இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நமக்குப் பழக்கப்படுத்தியிருந்தார்கள். அந்த நாட்கள் போய்விட்டன; தொழிற்சங்கம் கண்டோம், பறிபோன பிரஜாவுரிமையைப் போராடித் திரும்பப் பெற்றோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், சொந்தமாக ஒரு வீட்டையும் கட்டினோம். அப்படிக் கட்டிய வீட்டிலே, காற்சட்டை போட்டுக் காரில் வந்து இறங்கிய ஒருவரிடம் "ஐயா, உள்ளே புகைக்க வேண்டாம்" என்று சொல்ல நாக்கு எழவில்லை என்றால், பழைய பங்களாவின் பயம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை என்றுதானே பொருள்? அந்தப் பயத்துக்கு விருந்தோம்பல் என்று பெயர் வைத்துக் கௌரவம் கொடுக்கிறோம். விருந்தோம்பல் சமமானவர்களுக்கு இடையே நிகழும் காரியம். தன் வீட்டின் ஒழுங்கைத் தானே சொல்ல அஞ்சுகிறவர் விருந்து படைப்பவர் ஆகமாட்டார். அவர் ஏவல் செய்கிறவராகவே இருக்கிறார்.

புகைப்பவரை நான் பகைக்கிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அவரும் விருந்தினரே. அவரைப் பிடித்த பழக்கம் எளிதில் விடக்கூடியதன்று. விட முயன்று தோற்றவர்கள் அநேகர். அவருக்குரிய உபசாரத்தையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி. மழை படாதபடி கூரை போட்டு, ஜன்னல்களுக்கும் கதவுக்கும் எட்ட, பின்பக்கத்தில் ஓரிடம் அமைத்து, ஒரு நாற்காலியும் மணல் நிரப்பிய ஒரு தகர டின்னும் இரவில் எரிய ஒரு விளக்கும் வையுங்கள். பனியில் நனைந்துகொண்டு நிற்க வைத்துவிட்டு, 'வெளியே போய்ப் பிடி' என்று சொல்வது மரியாதை ஆகாது. அப்படி விரட்டப்பட்டவரே ஈரத் துவாலையைக் கதவடியில் திணிக்கிறார். வீட்டின் விதியை வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வந்ததும் சாவியைக் கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். "தம்பி, வீட்டுக்குள்ள மட்டும் பத்த வச்சிடாதீங்க, பின்னால எடம் போட்டு வச்சிருக்கேன், தேத்தண்ணியும் அங்கயே கொண்டுவந்து தாரேன்" என்று நம் ஊரில் ஓர் அம்மா சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு முகம் வாடியவர் எவரையும் நான் கண்டதில்லை.

சொல்லியும் கேளாதவர் இருப்பார். அப்போது நேரில் போய்க் கதவைத் தட்டி, குரலை உயர்த்தாமல், மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் மீதி நாட்களுக்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவதே மேல். ஒளிந்து பார்ப்பதும், அறைக்குள் கமரா வைப்பதும் மட்டும் வேண்டாம். அது புகையைவிடப் பெரிய குற்றம், ஏர்பிஎன்பி நிறுவனமே 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கமரா வைப்பதை முற்றாகத் தடை செய்துவிட்டது. புகை கண்டால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறைக் கூரையில் பொருத்தி, பொருத்தியிருப்பதையும் சொல்லிவிடுங்கள். அது தீயிலிருந்து அவரையும் சேர்த்தே காக்கும்.

சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் போயாவோடு தொடங்கிவிடும். நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் இடம் கிடைக்காதவர்கள் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் வருவார்கள், அவர்களில் முதியோரும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். வீட்டை வாடகைக்கு விடும் நம் ஊரவர் ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்தப் போயாவுக்கு முன்பாகப் பின்பக்கத்துக் கூரையைப் போட்டு, மணல் டின்னை வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகையை வாசலில் மாட்டிவிடுங்கள்.